பெயர் வெளியிட விரும்பாத ஊழியர்

1974 மே 6, திங்கள்

மருந்துக் கம்பெனி கொடுத்த டயரி ஒன்று ஆசீரின் மேஜையில் நான்கு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து அது என்னுடையது. இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் படிக்க நேரமில்லை.

‘கார்வெல் கூரிய’ரில் புரூஃப் பார்க்கச் சேர்ந்து நாளையோடு ஓராண்டு. பாளையங்கோட்டையில் ஆங்கில எம்.ஏ. படித்துவிட்டு வந்து அமெரிக்கர்களின் ஸ்பெல்லிங்கைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எங்களுடையது மத்தியானப் பத்திரிகை. காலை பதினொன்றுக்குள் எல்லாப் பக்கங்களும் என் கண்ணைக் கடந்தாக வேண்டும். நிருபர் ஹாலிஸ் ப்ரென்ட் என்னை “மிஸஸ் ஆசீர்” என்று கூப்பிடுவார். மற்றவர்களுக்கு நான் சுகி. சுகிர்தா என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை.

நாளை பிரைமரி. நவம்பர் தேர்தலில் கட்சிக்கு யார் நிற்பது என்று கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வது. லாயிட் ஹேக்கட் பதினாறு வருடமாகக் கவுண்ட்டி கமிஷனர், நம்மூர் ஜில்லா போர்டுத் தலைவர் மாதிரி. சாலை, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் எல்லாம் அவர் கைக்குள். இந்த முறைதான் அவரை எதிர்த்து ஒரு பள்ளி ஆசிரியர் துணிந்து நிற்கிறார்.

மே 8, புதன்

ஹேக்கட் எழுபத்தொரு ஓட்டில் ஜெயித்தார். சாவடிகளில் தோற்றுத்தான் போயிருந்தார். தபால் ஓட்டுகளை எண்ணியதும் நிலைமை மாறிவிட்டது. கவுண்ட்டி முதியோர் இல்லத்திலிருந்து நூற்றுப் பன்னிரண்டு தபால் ஓட்டுகள். நூற்றுப் பன்னிரண்டும் அவருக்கே.

ஹாலிஸ் அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசீர் அந்த இல்லத்துக்குத்தான் டாக்டர். சாப்பிடும்போது கேட்டேன்.

“அத்தான், ஹோம்ல எல்லாரும் ஓட்டுப் போட்டாங்களாமே?”

“போட்டிருப்பாங்க. எங்கிட்ட கையெழுத்துதான கேட்டாங்க. போட்டேன்.”

“என்னத்துல?”

“தபால் ஓட்டு ஃபாரத்துல. எந்திரிச்சு நடக்க முடியாதவங்கன்னு டாக்டர் எழுதிக் குடுக்கணுமாம்.”

“எத்தன பேருக்கு?”

“கட்டா வச்சாங்க. நூறு சொச்சம் இருக்கும்.”

“மேல பேர் எழுதிருந்துச்சா?”

“கொஞ்சம் ரசம் ஊத்து” என்றார்.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். சர்ச்சில் எல்லாப் பெண்களுக்கும் ஒரு கார்னேஷன் பூ கொடுத்தார்கள். எனக்கும் நீட்டினார்கள். பிள்ளை இல்லாதவள் வாங்கலாமா என்று தெரியாமல் நின்றேன். ஓப்பல் மீக்ஸ் அதை வாங்கித் தானே என் சட்டையில் குத்திவிட்டாள்.

ஓப்பல் முதியோர் இல்லத்தில் ஆயா வேலை பார்க்கிறாள். கணவன் நிலக்கரிச் சுரங்க விபத்தில் போய்விட்டான். போன டிசம்பரில் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்தபோது, நான்கு நாள் தினமும் பனியில் நடந்து வந்து சமைத்துப் போட்டவள் அவள். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பேதமில்லை. ஆனாலும் அவள் பேசும்போது எனக்கு “நீ” என்றுதான் கேட்கும்.

அவளுடைய அம்மா யூலாவும் அதே இல்லத்தில்தான் இருக்கிறாள். வயது எண்பத்தாறு. இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

“இன்னிக்குக் காலைல ஸ்பூனை எடுத்துத் தலை சீவிக்கிட்டிருந்தாங்க, ஹனி” என்றாள் ஓப்பல். “சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. கடைசில சீப்பை எடுத்துச் சூப்புல போட்டேன், அவங்களுக்குத் துணையா இருக்கட்டும்னு.” இரண்டு பேரும் சிரித்தோம்.

மே 15, புதன்

ஹாலிஸின் கட்டுரை புரூஃபுக்கு வந்தது. தலைப்பு: ‘பேச முடியாதவர்கள் போட்ட ஓட்டு’. படுக்கையில் நினைவில்லாமல் கிடக்கிறவர்கள், சொந்தப் பெயர் மறந்தவர்கள், மார்ச்சிலேயே இறந்துபோன இரண்டு பேர், எல்லோரும் ஹேக்கட்டுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். தகவல் சொன்னவர் ‘பெயர் வெளியிட விரும்பாத இல்ல ஊழியர்’. சான்றிதழ் கொடுத்தவர் ‘ஒரு மருத்துவர்’. அவருக்கும் பெயர் இல்லை.

மூன்றாவது பத்தியில் இப்படி இருந்தது: ‘ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் ஸ்பூனுக்கும் சீப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர்.’

இரண்டு எழுத்துப் பிழைகள்தான் இருந்தன. திருத்திக் கொடுத்தேன்.

மே 16, வியாழன்

ஊர் முழுக்க அதே பேச்சு. பிரதிகள் மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டன. முதலாளி கார்பெட் ஹாலிஸின் கையைக் குலுக்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் அறையில் தொலைபேசி அடித்தது. கதவைச் சாத்திக்கொண்டார்.

மே 17, வெள்ளி

ஹேக்கட் ஆசீரைப் பார்க்க இல்லத்துக்கே வந்தாராம். ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். இந்தியாவைப் பற்றி விசாரித்தாராம்.

“லைசென்ஸ் எப்ப புதுப்பிக்கணும் டாக்டர்னு கேட்டாரு. ஆகஸ்ட்லன்னேன். போர்டு கடிதம் குடுத்தாத்தான ஆகும்னாரு. ஆமான்னேன்.”

ஆசீரின் லைசென்ஸ் தற்காலிகமானது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இந்த மாநிலத்தில் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆஸ்பத்திரி போர்டின் கடிதம் இல்லாமல் அது நடக்காது. போர்டுக்குத் தலைவர் ஹேக்கட்.

“வேற என்ன கேட்டாரு?”

“ஒங்க சம்சாரம் பேப்பர்லதான இருக்காங்கன்னாரு. அந்த ஊழியர் யாருன்னு தெரிஞ்சா எல்லாத்துக்கும் நல்லதுன்னாரு.” ஆசீர் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பேசினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “கையெழுத்து போட்டது நான்லா சுகி. நாளைக்கு எம் பேர்தான் வரும்.”

அவர் கழற்றிய ஷூவை எடுத்து வாசலில் வைத்தேன்.

மே 18, சனி

துணி துவைக்கும் கடையில் எட்டு மெஷினில் மூன்று ஓடவில்லை. ஆசீரின் வெள்ளைக் கோட்டில் மைக்கறை போகவே மாட்டேனென்கிறது.

மே 20, திங்கள்

கத்தரிக்காய் கிடைத்தது. புளிக்குப் பதிலாக எலுமிச்சை பிழிந்து குழம்பு வைத்தேன்.

சாப்பிடும்போது, ஹாலிஸின் கட்டுரை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஆசீரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முக்கியமாக அந்த ஸ்பூன் வரி. ஓப்பலின் அம்மாவும் இப்படித்தானாம், ஸ்பூனால் தலை சீவுவாளாம், சர்ச்சில் சொன்னாள் என்றேன். பேச்சுவாக்கில் வந்தது.

ஆசீர் சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

“ஓப்பலா?”

நான் மோர் எடுத்து வரப் போனேன்.

ஜூன் 4, செவ்வாய்

இல்லத்தில் ஆட்குறைப்பாம். நான்கு ஆயாக்களுக்கு வேலை போய்விட்டது. ஓப்பலும் அவர்களில் ஒருத்தி. நான்கு பேர் என்பதால் யாரும் எதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை என்று ஆசீர் சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார்.

ஹாலிஸ் இரண்டாவது கட்டுரை எழுதிக் கொடுத்தார். கார்பெட் அதை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கவுண்ட்டி காசு கொடுத்துப் போடும் அறிவிப்புகள் எல்லாம் நம் பத்திரிகையில்தான் வருகின்றன, அது நின்றால் பத்திரிகையும் நிற்கும் என்றார்.

“அப்ப முதல் கட்டுரையை எதுக்குப் போட்டீங்க?” என்று ஹாலிஸ் கேட்டார்.

“அது நல்லா இருந்துச்சு” என்றார் கார்பெட். அவர் பொய் சொல்லவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

யூலாவை இல்லத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். ‘உடல்நிலை தேறியதால் வீட்டில் வைத்துப் பராமரிக்கலாம்.’ கையெழுத்து ஆசீருடையது.

“நீங்க அவங்களப் பாத்தீங்களா?” என்றேன்.

“பாத்தேன்.”

“தேறியிருந்தாங்களா?”

“எல்லாத்தையும் ஏன் கேட்டுக்கிட்டே கெடக்க?” என்று கத்தினார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இவ்வளவு சத்தமாக அவர் பேசியதே இல்லை. பிறகு போய்ப் புல் வெட்டினார். வெட்ட வேண்டிய அளவுக்குப் புல் வளர்ந்திருக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

வேலை முடிந்து வந்தபோது ஓப்பல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாவை என்னால தூக்க முடியல சுகி. முதுகெல்லாம் புண்ணு. என் வீட்டுல தகரக் கூரை, மத்தியானம் அடுப்பு மாதிரி கொதிக்குது. வேலைக்குப் போகாம இருக்க முடியாது, அவங்கள விட்டுட்டுப் போகவும் முடியாது. டாக்டர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. திரும்ப எடுத்துக்கச் சொல்லு. நீ சொன்னா கேப்பாரு.”

“சொல்றேன்” என்றேன்.

“அவரு மேல எனக்குக் கோபமில்ல. மேலேருந்து சொல்லிருப்பாங்க. எனக்குத் தெரியும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஹாலிஸ்கிட்ட பேசினது நான்தான். உனக்கு மட்டும் சொல்றேன். எங்கம்மா பேர்ல ஓட்டைப் பார்த்ததும் தாங்கல. கையெழுத்துப் போட்டிருந்துச்சு சுகி, அழகா, சுழிச்சு. எங்கம்மாவுக்கு எழுதவே தெரியாது.”

நான் ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியம் முகத்தில் தெரியும்படி பார்த்துக்கொண்டேன்.

போகும்போது ஊறுகாய் பாட்டில் ஒன்று கொடுத்தனுப்பினேன். காரம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

ஆசீரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

ஒரே வெயில். ஜன்னலில் வைக்கும் மின்விசிறி ஒன்று வாங்கினோம். கொஞ்சம் சத்தம் போடுகிறது. அது ஓடும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதில்லை. அதுவும் வசதிதான்.

ஓப்பலைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் களைத்துப்போய் வருகிறார்.

ஜூலை 9, செவ்வாய்

யூலா இறந்துவிட்டாள். நான்கு நாளாக நூறு டிகிரிக்கு மேல் வெயில். ஓப்பல் ஒரு துணி வெளுக்கும் கடையில் அரை நாள் வேலைக்குப் போய்வந்து பார்த்தபோது மூச்சு இல்லையாம். சாவுச் சான்றிதழுக்கு ஆசீரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். காரணம்: முதுமை.

வந்ததும் அரை மணி நேரம் குளித்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை 10, புதன்

யூலாவின் மரண அறிவிப்பு என் மேஜைக்கு வந்தது. வயது 68 என்று அச்சாகியிருந்தது. 86 என்று திருத்தினேன். நான் பார்த்திருக்காவிட்டால் அப்படியே போயிருக்கும்.

அடக்கத்துக்குப் போனேன். பன்னிரண்டு பேர்கூட இல்லை. ஹாலிஸ் தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றார். தான் பக்கத்தில் போனால் ஓப்பலைக் காட்டிக்கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்று பயந்திருப்பார்.

ஜூலை 29, திங்கள்

ஹாலிஸை ஜெயிலில் போட்டுவிட்டார்கள்.

ஓட்டு விவகாரத்தை விசாரிக்க கிராண்ட் ஜூரி கூட்டியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் இருபது பேரைக் கதவுக்குள் உட்காரவைத்து, யார்மேல் வழக்குப் போடலாம் என்று முடிவு செய்வது. அரசு வக்கீல் ஹேக்கட்டின் மருமகன். அவர் ஹேக்கட்டை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஹாலிஸிடம் மட்டும், தகவல் சொன்ன ஊழியரின் பெயரைச் சொல் என்றார். ஹாலிஸ் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு. பெயரைச் சொல்லும்வரை, அல்லது செப்டம்பர் ஆறாம் தேதி ஜூரியின் காலம் முடியும்வரை, உள்ளே.

“அவங்களுக்குத்தான் பேரு தெரியுமே அத்தான். பெறகு எதுக்குக் கேக்காங்க?”

“தெரியாமயா கேக்காங்க” என்றார் ஆசீர். “இனி எந்த நிருபரும் எழுதக் கூடாதுல்லா, அதுக்கு.”

“அவங்களுக்குப் பேரைச் சொன்னது நீங்கதான்” என்றேன். “நான் ஸ்பூன்னுதான் சொன்னேன்.”

“ஆமா” என்றார். “நீ ஸ்பூன்னுதான் சொன்ன.”

ஆகஸ்ட் 8, வியாழன்

கிராண்ட் ஜூரி ஓப்பல்மேல் வழக்குப் போட்டுவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு தபால் ஓட்டுகளிலும் அவளே போலிக் கையெழுத்துப் போட்டாளாம். ஃபாரங்களை வார்டு வார்டாகத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான் என்று மேற்பார்வையாளர் சாட்சி சொல்லியிருக்கிறார். தூக்கிக்கொண்டு போகச் சொன்னது யார் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஜனாதிபதி ராஜினாமா செய்துவிட்டார். நேற்று இரவே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். இன்று காலை விமானம் ஏறிப் போனார். முதல் பக்கத்தை மூன்று முறை மாற்றினோம். கார்பெட் கேக் வாங்கி வந்து மேஜைமேல் ஏறி நின்று பேசினார்.

“இரண்டு நிருபர்கள், ஒரு பத்திரிகை! உலகத்திலேயே பெரிய அதிகாரத்தை இறக்கிட்டாங்க! இந்த நாட்டுல உண்மையை யாராலயும் பூட்டி வைக்க முடியாது!”

எல்லோரும் கை தட்டினோம். ஜெயில் எங்கள் கட்டடத்திலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது. ஓப்பலின் செய்தி பதினொன்றாம் பக்கத்தில் வந்தது. நாடு முழுவதும் சந்தோஷமாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

ஹாலிஸைப் பார்க்கப் போனேன். ஆசீர்தான் போகச் சொன்னார். ஹாலிஸிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது என்றார்.

மெலிந்துவிட்டார். தாடி நரைத்திருக்கிறது. அவருக்குப் பத்திரிகையோ ரேடியோவோ கொடுப்பதில்லை. ஜனாதிபதி போய்விட்டதைக் காவலாளிதான் சொன்னானாம்.

“மிஸஸ் ஆசீர், நீங்க வருவீங்கன்னு எதிர்பார்க்கல. ரொம்ப சந்தோஷம்.”

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு மட்டும் விஷயம் தெரியும்னு ஓப்பல் சொன்னாங்க. அவங்க நல்லா இருக்காங்களா? அவங்கள ஏதாவது செஞ்சிட்டாங்களா?”

“வேலை போனதோட சரி” என்றேன். “வேற ஒண்ணுமில்ல. துணி வெளுக்கிற கடையில வேலை பார்க்குறாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அப்ப இங்க உக்காந்திருக்கிறது வீண் இல்ல. நான் வாயைத் திறக்கலேன்னா அவங்ககிட்ட வெறும் சந்தேகம்தான் இருக்கும். சந்தேகத்தை வச்சு வழக்குப் போட முடியாது.”

“ஆமா” என்றேன்.

“போட்டாங்கன்னா அது வேற கதை. அப்புறம் நான் எதையும் மறைக்க வேண்டியதில்ல. எல்லாத்தையும் தலைநகரத்துப் பத்திரிகைக்குக் குடுத்துருவேன். அந்தச் சான்றிதழ்களோட நகல் எங்கிட்ட இருக்கு.” என்னைப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரர் கையெழுத்து. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் பேரை நான் போடல. புது ஊரு, மேலிடத்துலேருந்து ஒரு காகிதக் கட்டை நீட்டிக் கையெழுத்துப் போடுன்னா, மனுஷன் போடத்தான் செய்வான். அவரை மாட்டிவிட்டு ஹேக்கட்டைத் தப்ப விடுறதுல அர்த்தமில்ல.”

“நன்றி” என்றேன்.

“நகலெல்லாம் என் மேஜையில கீழ் இழுப்பறையில, பழைய போன் புத்தகத்துக்குள்ள இருக்கு. நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாம பார்த்துக்குங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியில் காலிஃபிளவர் வாங்கினேன். மலிவாகக் கிடைத்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆபீசுக்கு முதல் ஆளாகப் போனேன். போன் புத்தகம் கனமாக இருந்தது.

மாலையில் சமையலறைத் தொட்டியில் ஒவ்வொன்றாகக் கொளுத்தினேன். ஆசீர் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார். எல்லாத் தாளிலும் அவர் கையெழுத்து ஒரே மாதிரி இருந்தது. யூலாவின் சான்றிதழும் அதில் இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைக்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

லைசென்ஸ் வந்துவிட்டது. ஹேக்கட் தன் கையாலேயே கொண்டு வந்து கொடுத்தாராம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஓப்பல் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள். இலவச வக்கீல் சொல்லித்தான். ஒப்புக்கொண்டால் ஜெயில் இல்லாமல் எச்சரித்து விட்டுவிடுவார்கள், வழக்கு நடத்தினால் ஐந்து வருடம் போகும் என்று பயமுறுத்தியிருக்கிறார். ஹாலிஸ் வெளியே வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. வக்கீலுக்கு அவசரம்.

ஓப்பல் என்னிடம் யோசனை கேட்டு போன் செய்தாள். வக்கீலுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகிறது, அவர் சொன்னபடி செய் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

செப்டம்பர் 9, திங்கள்

வெள்ளிக்கிழமை ஹாலிஸை விட்டுவிட்டார்கள். இன்று ஆபீசுக்கு வந்தார். அவர் மேஜையில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். ஹாலிஸின் சாமான்கள் சுவரோரம் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தன. போன் புத்தகத்தை எடுத்து உதறிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“நீங்க வந்தப்பவே வழக்குப் போட்டிருந்தாங்க.”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

“புரூஃப் நீங்கதானே பார்த்தீங்க.”

பக்கத்து மேஜைக்காரர்கள் தட்டச்சை நிறுத்தியிருந்தார்கள். நான் எழுந்து அவரைக் காகிதம் அடுக்கும் அறைக்குக் கூட்டிப் போனேன்.

“ஓப்பல்தான்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” அவர் கதவைச் சாத்தினார். “நான் சொல்லல. நாப்பது நாள் சொல்லல. யாரு சொன்னது?”

“நீங்கதான்” என்றேன். “மூணாவது பத்தி. ஸ்பூனும் சீப்பும். இல்லத்துல வேலை செய்யுற எல்லாருக்கும் அது யாருன்னு தெரியும். அவங்கம்மாவை வச்சு மகளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கட்டுரை வந்த அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

அவர் ஒரு காகித மூட்டையின்மேல் மெல்ல உட்கார்ந்தார். “அந்த வரி வேணாம்னு ஓப்பல் சொன்னாங்க” என்றார். “நான்தான் கேக்கல. அந்த ஒரு வரி இருந்தாத்தான் படிக்கிறவங்க மனசுல நிக்கும்னேன்.”

“நல்ல வரிதான்” என்றேன்.

அழுதார். அறுபதை எட்டப்போகிற ஒரு ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

ஹாலிஸ் ஊரை விட்டுப் போய்விட்டார். தங்கை வீடு மேற்கில் எங்கோ இருக்கிறதாம். ஓப்பலைப் பார்க்காமலேயே போய்விட்டார். முகத்தில் முழிக்க முடியவில்லை என்று கார்பெட்டிடம் சொன்னாராம்.

கார்பெட் என்னைக் கூப்பிட்டு, எழுதிப் பார்க்கிறாயா என்று கேட்டார். ஹேக்கட்டிடமிருந்து என்னைப் பற்றி நல்லபடியாகக் கேள்விப்பட்டாராம். கோர்ட், சர்ச், பள்ளிக்கூடச் செய்திகள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மத்தியானமே சரி என்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

ஓப்பலுக்கு இன்று தண்டனை. அதை எழுத என்னைத்தான் அனுப்பினார்கள். அவளுக்கு அது தெரியாது. நோட்டைக் கைப்பைக்குள் வைத்திருந்தேன்.

சர்ச்சிலிருந்து யாரும் வரவில்லை. நீதிபதி, தேர்தலின் புனிதம் பற்றி நீளமாகப் பேசினார். இந்த ஆண்டு இந்த நாடு பட்ட பாட்டுக்குப் பிறகு யாரையும் சும்மா விட முடியாது என்றார். எச்சரிக்கையோடு விடுவதாக அரசு வக்கீல் வாக்குக் கொடுத்தது தன்னைக் கட்டுப்படுத்தாது என்றார். பெண்கள் சிறையில் ஒன்றரை வருடம். இலவச வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளி வராந்தாவில் அவளைக் கொண்டு போகும்போது சுவரோரம் ஒதுங்கி நின்றேன். பார்த்துவிட்டாள். காவலாளியிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். விலங்கு போட்டிருந்ததால் கட்டிப்பிடிக்க முடியவில்லை. நெற்றியை என் தோளில் வைத்தாள். துணி வெளுக்கும் கடையின் சோப்பு வாசனை.

“ஊர்ல இத்தனை பேர்ல நீ ஒருத்திதான் வந்திருக்கே” என்றாள். “உனக்கு இது கஷ்டம்னு எனக்குத் தெரியும். டாக்டர் வேலைக்கு ஏதாவது வந்துருமோன்னு பயமா இருக்கும். இருந்தும் வந்தே.”

“ஓப்பல்” என்றேன்.

“யாரு சொன்னான்னு தெரியுமா சுகி? நான் ராவும் பகலும் அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப விட்டுட்டேன். அதைக் கட்டிக்கிட்டு உள்ள போனா தாங்காது.” முகத்தைத் தோளிலேயே துடைத்துக்கொண்டாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். பேப்பர்ல நீ இருக்கேல்ல, யார்கிட்டயாவது சொல்லி ஒரு வரி போடச் சொல்லு. எங்கம்மா ஓட்டுப் போடல. அவங்க யாரையும் ஏமாத்தல. என்னைப் பத்தி என்ன வேணா எழுதட்டும். அது மட்டும்.”

“போடுறேன்” என்றேன்.

“போடச் சொல்றேன்னு சொல்லு” என்று சிரித்தாள். “நீ ஆபீசுல புரூஃப்தானே பார்க்கிறே.”

காவலாளி அவள் முழங்கையைத் தொட்டான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிவரை எனக்குத் தைரியம் சொல்வதுபோல்தான் பார்த்தாள்.

ஆபீசுக்கு வந்து செய்தியை எழுதினேன். ஆறு வரி. முதலில் பெயர், வயது, குற்றம், தண்டனை. கடைசியில் இப்படி எழுதினேன்: ‘தன் தாயார் ஓட்டுப் போடவில்லை என்று அவர் கூறினார்.’ நன்றாகத்தான் இருந்தது.

செய்தி நாளை ஒன்பதாம் பக்கத்தில், மரச்சாமான் கடை விளம்பரத்துக்கு மேலே. கார்பெட் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அச்சுக்கு அனுப்பச் சம்மதம் என்று அர்த்தம்.

மேஜைக்கு எடுத்து வந்து மறுபடி படித்தேன். கடைசி வரியை நானே கோடு போட்டு அடித்தேன்.